பலாக்கொட்டை காட்டிய சர்க்கரைத் தடம்

1982ஆம் ஆண்டு, பெங்களூரிலிருந்து வெளிவரும் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் ஜி. சுரேஷ்குமார், பி.எஸ். அப்புக்குட்டன், டி. பாசு ஆகிய மூவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கட்டுரை அது. அதன் பொருள் பலாக்கொட்டை. கேரளத்திலும் நாஞ்சில்நாட்டிலும் கோடை வந்தால் கொட்டையைச் சுட்டுத் தின்பார்கள். மாங்காயோ முருங்கைக்காயோ சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். அந்தக் கொட்டைக்குள்ளிருந்து, காலக்டோஸ் என்ற சர்க்கரையைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்றை இந்த மூவரும் தூய்மையாகப் பிரித்தெடுத்திருந்தார்கள்.

கட்டுரையில் புற்றுநோயைப் பற்றிப் பேச்சில்லை. தாவரப் புரதம் ஒன்றின் குணங்களைச் சொல்லும் உயிர்வேதியியல் ஆய்வு அது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், அருகிலேயே உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்திலும் பலாக்கொட்டைப் புரதம் வேலைக்கு வந்துவிட்டது. 1989இல் பி. ரெமானி, டி.எம். வாசுதேவன், டி. விஜயகுமார் உள்ளிட்ட குழு 'இன் விவோ' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மார்பகத்தில் வரும் சாதாரணக் கட்டிகளிலும் புற்றுக்கட்டிகளிலும் பலாப் புரதம் எவ்வாறு ஒட்டுகிறது என்பதே அதன் பொருள்.

புற்றுநோய் தன் வருகையைச் சர்க்கரையில் பதித்து வைக்கிறதா? பதித்தால், கத்தி வைக்காமல், ஒரு குப்பி ரத்தத்திலேயே அதைப் படித்துவிட முடியுமா? உலகின் பல ஆய்வுக்கூடங்கள் முக்கால் நூற்றாண்டாகக் கேட்டுவரும் கேள்வி இது. அந்த நீண்ட தேடலில் திருவனந்தபுரத்துக்கு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது.

திருவிதாங்கூரின் புற்றுநோய் வரலாறு வாயிலிருந்து தொடங்குகிறது. நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய இயன் ஆர் என்ற மருத்துவர் 1933இல் 'லான்செட்' இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூர், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லை மாறியதே ஒழிய, நோயாளிகள் போகும் வழி மாறவில்லை. குமரி மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்றும் மக்கள் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுகிறார்கள்.

அந்த நகரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் ஒரு பெண். 1886இல் பிறந்த மேரி பூனன் லூக்கோஸ், பெண் என்ற காரணத்தால் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர். பிறகு லண்டன் சென்று மருத்துவம் படித்தார். திரும்பி வந்து தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பணியேற்றார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை, திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையம் ஆகிய இரண்டும் அவர் முயற்சியில் எழுந்தவை.

1951இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு வளர்ந்து, 1981இல் மண்டலப் புற்றுநோய் மையமாக உருவெடுத்தது. நோயாளிகள் வாயில் அது 'ஆர்.சி.சி.' அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபோது, பம்பாய், பெங்களூர், சென்னை நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுகளும், சண்டிகர், திப்ருகர், திருவனந்தபுரம் ஆகிய மூன்று இடங்களில் மருத்துவமனைப் பதிவேடுகளும் முதலில் அமைந்தன.

பதிவேடு வந்த பிறகுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்று பின்னுக்குப் போய், மார்பகப் புற்று முன்னுக்கு வந்தது. 2012 முதல் 2014 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, வயதுவாரியாகச் சரிசெய்த கணக்கில், ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுதோறும் டெல்லியில் 41 பேருக்கும், சென்னையில் 37.9 பேருக்கும், பெங்களூரில் 34.4 பேருக்கும், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 33.7 பேருக்கும் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டது. பெருநகரங்களுக்கு ஏறத்தாழ இணையாக, ஊரும் தோப்பும் கலந்த ஒரு மாவட்டம் நின்றது.

இனி சர்க்கரைக்கு வருவோம்.

ரத்தத்தை ஒரு குழாயில் உறையவிட்டால், உறைந்த பகுதிக்கு மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். அதில் மிதக்கும் புரதங்களில் அல்புமின் நீங்கலாகப் பெரும்பாலானவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் பூட்டப்பட்டிருக்கும். இவற்றையே கிளைக்கோபுரதங்கள் என்கிறார்கள். செல்களின் வெளிப்பரப்பிலும் இதே அமைப்பு உண்டு. செல்லைச் செல் அடையாளம் காண்பதும், கிருமி வந்து ஒட்டுவதும், ரத்தப் பிரிவு ஏ என்றும் பி என்றும் பிரிவதும் இந்தச் சர்க்கரைகளால்தான்.

புற்றுநோயாளிகளின் சீரத்தில் இந்தப் புரதங்கள் கூடுகின்றன என்பது புதுச் செய்தியல்ல. ரிச்சர்ட் வின்ஸ்லர் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1948லேயே இதை அளந்து எழுதினார். கண்டுபிடிப்பு பரபரப்பூட்டியது, ஆனால் பயன் குறைவாக இருந்தது. காய்ச்சல் வந்தாலும், நிமோனியா வந்தாலும், மூட்டு வீங்கினாலும் கல்லீரல் இதே புரதங்களை அதிகமாகச் சுரந்துவிடும். அளவை மட்டும் பார்த்தால் புற்றா காய்ச்சலா என்று பிரிக்க முடியாது. ஆகவே எவ்வளவு சர்க்கரை என்ற கேள்வி, எந்த வடிவச் சர்க்கரை என்ற கேள்வியாக மாறியது.

வடிவத்தைப் படிக்கும் கருவி விதைகளில் இருந்தது. 1888இல், இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டார்ப்பட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் ஆமணக்கு விதைச் சாற்றை ரத்தத்தில் விட்டபோது, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. விதையில் இருந்த புரதம், அணுக்களின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொண்டதே காரணம். இப்படிப்பட்ட புரதங்களுக்கு வில்லியம் பாய்ட் 1954இல் லெக்டின் என்று பெயரிட்டார். 1963இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் ஆப், கோதுமை முளைக்கருவிலிருந்து வந்த ஒரு பொருள் புற்றுச் செல்களைத் திரட்டுவதையும், சாதாரணச் செல்களை அவ்வாறு திரட்டாததையும் கண்டார். புற்றுச் செல்லின் மேற்பரப்பே மாறிப்போயிருக்கிறது என்று தெரிந்தது.

மாற்றம் எங்கே என்பதற்கு டென்மார்க்கில் கிடைத்த பழைய குறிப்பு ஒன்று உதவியது. 1920களின் இறுதியில் ஓலுஃப் தாம்சனும் ஃப்ரீடன்ரைக்கும், பாக்டீரியா நொதி பட்ட சிவப்பணுக்களில் அதுவரை மறைந்திருந்த ஒரு சர்க்கரை இணை வெளிப்படுவதைக் கண்டிருந்தார்கள். காலக்டோஸும் அதன் உறவுக்காரச் சர்க்கரையும் சேர்ந்த அந்த இணைக்கு 'டி ஆன்டிஜன்' என்று பெயர். ஆரோக்கியமான செல்லில் அதன்மேல் மற்ற சர்க்கரைகள் கிளைத்து வளர்ந்து அதை மூடிவிடும். புற்றுச் செல்லில் கிளை வளராமல் நின்றுவிடுவதால் அடிமரம் வெளியே தெரியும். உறுப்புகளின் உட்பூச்சுத் திசுக்களில் எழும் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இது தென்படுகிறது என்பதை ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பல ஆண்டு உழைப்பில் காட்டி, 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்.

அந்த டி ஆன்டிஜனைப் பலாக்கொட்டைப் புரதம் குறிப்பாக இனம்கண்டு பிடிக்கிறது என்பது 1986இல் உறுதியானது. அதைக் காட்டியது அவதேஷ் சுரோலியாவின் குழு. அதற்கு முந்திய ஆண்டில் பிரேசிலைச் சேர்ந்த ரோக்கே பரேரா, காம்போஸ் நெட்டோ இருவரும் அந்தப் புரதத்துக்கு ஜாக்கலின் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். போர்த்துகீசியர் கப்பலேற்றிக் கொண்டுபோன பலா, பிரேசிலில் அதற்குள் மண்ணின் மரமாகவே ஆகிவிட்டிருந்தது. 1996இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். விஜயன் குழு ஜாக்கலினின் முப்பரிமாண வடிவத்தைத் தெளிவாக்கியது. 133 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீண்ட சங்கிலியும் 20 கொண்ட ஒரு குட்டிச் சங்கிலியும் சேர்ந்தது ஓர் அலகு. அப்படி நான்கு அலகுகள் கூடியது ஒரு ஜாக்கலின்.

திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் செய்த வேலையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கொட்டையை அரைத்து உப்புநீரில் ஊறவைத்தால் பல புரதங்கள் கலந்த சாறு கிடைக்கும். காலக்டோஸ் வகைச் சர்க்கரை பூட்டிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக அந்தச் சாற்றை விட்டால், லெக்டின் மட்டும் மணிகளில் ஒட்டி நிற்கும். மற்றவை வழிந்து போய்விடும். பிறகு சர்க்கரைக் கரைசலை ஊற்றினால் லெக்டின் கழன்று தூய்மையாக இறங்கும். விலை உயர்ந்த ஆய்வுப் பொருள்களை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் காத்துக்கிடந்த காலத்தில், கோடைதோறும் மரத்தில் காய்த்துத் தொங்கும் பழத்திலிருந்தே இதைச் செய்ய முடிந்தது.

ஆர்.சி.சி. குழு அந்த லெக்டினோடு நிறம் ஏற்றும் நொதி ஒன்றை இணைத்தது. மெழுகில் பதித்து மெல்லிய தாள்போல் சீவிய கட்டித் திசுவின்மேல் அதை விட்டால், லெக்டின் எங்கே ஒட்டுகிறதோ அங்கே நிறம் ஏறும். எந்தச் செல்லில், எந்த இடத்தில், எவ்வளவு அடர்த்தியாக என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். மார்பகத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1990களில் கருப்பை வாய், தைராய்டு, வாய்ப்புற்று ஆகியவற்றுக்கும் இந்த முறை போனது. கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களில், புற்றுக்கு முந்திய நிலைகள் மாறமாறச் சர்க்கரை எவ்வாறு மாறுகிறது என்றும் பார்த்தார்கள். வாய்த் திசுக்களில் பலா லெக்டினையும் நிலக்கடலை லெக்டினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இந்த ஒப்பீட்டுக்குக் காரணம் உண்டு. டி ஆன்டிஜனின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூடிபோட்டிருந்தால் நிலக்கடலை லெக்டின் விலகிவிடும். ஜாக்கலின் மூடி இருந்தாலும் பிடிக்கும்.

இதைப் படித்துவிட்டுப் பலாக்கொட்டை தின்றால் புற்று வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த புரதம் அங்கே ஒரு கருவி. சமையலறைக் கொட்டை உணவு. அது சோதனையும் ஆகாது, சிகிச்சையும் ஆகாது.

திசுவில் படிப்பது ஒன்று, ரத்தத்தில் படிப்பது வேறொன்று. திசு கையில் இருக்கிறது என்றால், கட்டி ஏற்கெனவே தெரிந்து, ஊசியோ கத்தியோ பட்டாகிவிட்டது என்று பொருள். ரத்தத்தில் தேடுவதோ கட்டி தெரியும் முன்னரே கண்டுபிடிக்கும் ஆசையில். அந்த ஆசையில் இதுவரை வெகுதூரம் வந்த கிளைக்கோபுரதம் மக்-1. பால் சுரக்கும் செல்களின் பரப்பில் இயல்பாகவே இருக்கும் நீண்ட புரதம் இது. புற்று வந்தால் அதன் சர்க்கரைச் சங்கிலிகள் குட்டையாகின்றன. புரதம் செல்லின் எல்லாப் பக்கமும் பரவி, உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. 1984இல் நெதர்லாந்தில் ஹில்கென்ஸ் குழு தாய்ப்பாலின் கொழுப்புத் துளிகளின் மேலுறையைக் கொண்டு ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கியது. பாஸ்டனில் டொனால்ட் கூஃபே குழு, கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றைக் கொண்டு இன்னொன்றை உருவாக்கியது. இரண்டும் சேர்ந்ததே இன்று எந்தப் பெரிய பரிசோதனை நிலையத்திலும் செய்துகொள்ளக்கூடிய சி.ஏ. 15-3 சோதனை.

சோதனை கைக்கு வந்தது. முதல் ஆசை நிறைவேறவில்லை. ஆரம்பக் கட்டப் புற்று உள்ள பெண்களில் சிறு பகுதியினருக்கே சி.ஏ. 15-3 உயர்கிறது. கல்லீரல் அழற்சி, சிரோசிஸ் போன்றவற்றிலும் அது கூடும். அதனால் நோயைத் தேடிக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. பரவிய நோய்க்குச் சிகிச்சை நடக்கும்போது, மருந்து வேலை செய்கிறதா என்று மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவே அது உதவுகிறது. உடம்பில் எந்தக் குறியும் இல்லாத பெண்கள் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதைக் கண்டு பணம் கட்டுவதால் பயனில்லை. எண் சரியாக இருந்தால் பொய்யான நிம்மதி, கூடியிருந்தால் காரணமற்ற பீதி.

ஜாக்கலினைச் சீரத்தில் இறக்கினாலும் இதே சிக்கல்தான். ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புரதம் ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது. ஜாக்கலின் அதைத்தான் முதலில் அள்ளும். புற்றிலிருந்து உதிர்ந்த துளியளவு பொருள் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். அப்படியும் ஆய்வாளர்கள் விடவில்லை. சீரத்திலிருந்து குறிப்பிட்ட சர்க்கரை கொண்ட புரதங்களை மட்டும் லெக்டினால் சலித்தெடுத்து, நிறை நிறமாலைக் கருவியில் ஒவ்வொன்றாக இனம்காணும் வழி வளர்ந்தது. மலேசியர்களுக்குப் பழக்கமான செம்படாக், பலாவின் நெருங்கிய உறவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஓன் ஹாஜி ஹாஷிமின் குழு அதன் விதையிலிருந்து லெக்டின் பிரித்து, நோயாளிகளின் சீரக் கிளைக்கோபுரதங்களை ஆராய்ந்தது. மார்பகப் புற்று உள்ள பெண்களின் சீரத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிகைமோட்ரிப்சின் உள்ளிட்ட சில புரதங்கள் மாறுவதை 2004இல் அவர்கள் எழுதினார்கள். வின்ஸ்லர் காலத்தில் அளவாக மட்டும் தெரிந்தது, இப்போது பெயரோடும் வடிவத்தோடும் தெரியத் தொடங்கியது.

ரத்தச் சோதனை கைக்கு வரும்வரை திருவனந்தபுரம் காத்திருக்கவில்லை. பெண்களின் விரல்களை நம்பியது. 2006இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், மாவட்டத்தின் 275 பகுதிகளைச் சேர்ந்த, 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்கள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓர் அணியினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மார்பகத்தைத் தொட்டுச் சோதித்தார்கள். மற்ற அணிக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். ஆர். சங்கரநாராயணன், கே. ராமதாஸ் உள்ளிட்டோர் முதல் சுற்றின் முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள்.

அந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். சோதிக்கப்பட்டவர்கள் 50,366 பேர். சந்தேகம் என்று மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் 2,880 பேர். அவர்களில் புற்று உறுதியானது 30 பேருக்கு. இருந்த புற்றுகளில் 51.7 விழுக்காட்டை விரல்கள் கண்டன. ஏறக்குறைய பாதி தப்பிவிட்டது. இருந்தாலும், சோதனை நடந்த அணியில் புற்று கண்டவர்களில் சுமார் 44 விழுக்காட்டினர் ஆரம்பக் கட்டத்திலேயே மருத்துவரிடம் வந்தார்கள். மற்ற அணியில் இது சுமார் 25 விழுக்காடு. உயிரிழப்பு குறையுமா என்பது பிந்திய கேள்வி. 1998இல் தொடங்கிய மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு இருபது ஆண்டுகள் தொடர்ந்து, 2021இல் விடை தந்தது: 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றால் வரும் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது.

சீரக் கிளைக்கோபுரதத்துக்கு உண்மையான வேலை எங்கே இருக்கிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. மேற்சோதனைக்குப் போன 2,880 பேரில் 2,850 பேருக்குப் புற்று இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்து ஏறி, முடிவு வரும்வரை தூக்கமில்லாமல் இருந்திருப்பார்கள். நம்பகமான ஒரு ரத்தச் சோதனை அவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு நிம்மதியாக அனுப்பினாலே பெரிய காரியம். விரலுக்குத் தப்பிய பாதியில் சிலரைப் பிடித்துக் கொடுத்தால் அது அதைவிடப் பெரியது. ஒரே புரதத்தை நம்பாமல், பல புரதங்களின் சர்க்கரை வடிவங்களைச் சேர்த்துப் படிக்கும் முயற்சிகள் இந்த இடத்தை நோக்கியே நகர்கின்றன.

2018 மார்ச்சில் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. ஜாக்கலின் இன்று மணிகளில் பூட்டப்பட்டு, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்கு விற்பனைப் பொருளாகப் போகிறது. 2025 பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளில், 'ஆரோக்கியம் ஆனந்தம்: அகற்றாம் அர்புதம்' (ஆரோக்கியமே ஆனந்தம்: புற்றை அகற்றுவோம்) என்ற பெயரில் கேரள அரசு மாநிலம் முழுவதற்குமான பரிசோதனை இயக்கத்தைத் தொடங்கியது. மார்ச் 8 வரையிலான அதன் முதல் கட்டம் பெண்களின் மார்பகப் புற்றுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. மார்பகத்தில் கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பில் ரத்தக் கசிவோ தென்படும் பெண் இன்று செய்ய வேண்டியது தெளிவானது: அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போவது, சொன்னால் மேமோகிராமும் பயாப்ஸியும் செய்துகொள்வது. சீரத்தைப் படித்துச் சொல்லும் சோதனைக்கான வேலை ஆய்வுக்கூடங்களில் தொடர்கிறது.